டார்க் சோல்ஸ்: கேப்ரா டீமனிடம் மாட்டிக்கொண்டேன். இந்த ஆட்டத்தைத் தொடரலாமா?

மழைக்குருவி:

வணக்கம். டார்க் சோல்ஸ் வீடியோ கேமின் முதல் பாகம் ஆடிக்கொண்டிருக்கிறேன், 2018இல் வந்த ரீமாஸ்டர்டு (மெருகேற்றிய பதிப்பு). 14 மணி நேரம் ஆகிவிட்டது. இந்த வகை ஆட்டம் எதையும் இதற்கு முன் தொட்டதில்லை. நைட் (கவச வீரன்) வகுப்பில் தொடங்கினேன், பாலத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் டிராகனின் வாலை அம்பால் அடித்து டிரேக் வாளும் எடுத்துவிட்டேன் (வீடியோ பார்த்துத்தான், நானாகக் கண்டுபிடிக்கவில்லை).

முதல் சில மணி நேரம் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் ஏணியில் ஏறி, மேலிருந்து டாரஸ் டீமனின் தலையில் குதித்து அடித்தேனே, அந்த நொடியில் ஆட்டம் பிடித்துப்போனது. தேவாலயக் கூரையில் வரும் இரண்டு கார்கொய்ல்களும் (சிறகுள்ள சிலைப் பூதங்கள்) ஒன்பதாவது முயற்சியில் விழுந்தன. அன்றிரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். அந்த எட்டுத் தடவையும் எதனால் செத்தேன் என்று எனக்கே தெரிந்தது. பேராசைப்பட்டு ஒரு வெட்டு கூடுதலாக வெட்டினேன், ஸ்டாமினா தீர்ந்ததைப் பார்க்கவில்லை, இரண்டாவது கார்கொய்ல் தூரத்திலிருந்தே நெருப்பு ஊதும் என்பதை மறந்தேன், இப்படி.

இப்போது கேப்ரா டீமன். மூன்று நாளாக இங்கேயே நிற்கிறேன். புகைச் சுவரைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்ததும் இரண்டு நாய்கள் பாய்கின்றன, கேடயத்தைத் தூக்குவதற்குள் அந்த ஆட்டுத்தலை இரண்டு வெட்டரிவாளையும் சேர்த்து இறக்கிவிடுகிறது. கேமரா சுவரில் ஒட்டிக்கொள்வதால் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. நாலு நொடி, முடிந்தது. மறுபடி உயிர்த்தெழும் இடமான பான்ஃபயரிலிருந்து அத்தனை தூரம் ஓடி வரவேண்டும். 20 தடவைக்கு மேல் செத்திருப்பேன், அதில் ஒன்றிலிருந்தும் எதையும் கற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை.

எல்லோரும் "கஷ்டம்தான், ஆனால் நியாயமான ஆட்டம்" என்கிறார்கள். இதில் நியாயம் எங்கே இருக்கிறது? முழுவதும் ஆடி முடித்தவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்: இந்த ஆட்டத்தின் உண்மையான பலம் எது, எது உண்மையிலேயே குறை? போகப்போக நன்றாகுமா, மோசமாகுமா? இடங்கள், பாஸ்கள் (பெரிய எதிரிகள்) பற்றிப் பேசினால் பரவாயில்லை, கதையின் முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், ரெசிஸ்டன்ஸ் என்ற திறனில் ஐந்து லெவல் போட்டிருக்கிறேன். பெயரைப் பார்த்து, அடி தாங்க உதவும் என்று நினைத்தேன்.

பழைய கேடயம்:

கேப்ரா டீமன் விஷயத்தில் தப்பு உங்கள் மேல் இல்லை. அது மோசமாகக் கட்டிய அறை. இதற்கு ஆட்டத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. பின்னால் டீமன் ரூயின்ஸ் என்று ஓர் இடம் வரும், அங்கே இதே கேப்ரா டீமன் சாதாரண எதிரியாகத் திறந்த வெளியில் ஒன்றிரண்டாக நடமாடும். உயிர் ஏற்றும் எஸ்டஸ் பானத்தைக் குடிக்காமலே அடித்துப் போட்டுவிட்டு நடப்பீர்கள். அப்போது தெரியும், இங்கே உங்களைக் கொல்வது அந்தப் பூதம் இல்லை, நாலு சுவரும் இரண்டு நாயும் கேமராவும்தான்.

சரி, தாண்டும் வழி. உள்ளே நுழைந்ததும் சண்டை போடவேண்டும் என்ற நினைப்பையே விடுங்கள். கேடயத்தைத் தூக்கியபடி முதல் வெட்டை வாங்கிக்கொண்டோ உருண்டு தப்பித்தோ இடதுபக்கமாக ஓடினால் மேலே போகிற படிக்கட்டு இருக்கிறது. அதன் உச்சிக்குப் போய்த் திரும்பி நில்லுங்கள். நாய்கள் பின்னாலேயே ஏறி வரும், அந்தக் குறுகலில் இரண்டும் சேர்ந்து பாய முடியாது, ஒவ்வொன்றாக முடித்துவிடலாம். பிறகு கேப்ரா மேலே ஏறும்போது நீங்கள் விளிம்பிலிருந்து கீழே குதியுங்கள். அது திரும்பி இறங்குவதற்குள் எஸ்டஸ் ஒரு வாய் குடிக்க நேரம் கிடைக்கும். அது கீழே நிற்கும்போது நீங்கள் மேலே இருந்தால், டாரஸ் தலையில் குதித்த அதே குதி.

அதைவிட முக்கியம் எடை. நைட் கவசத்தோடு உங்கள் ஆள் உருளும்போது எப்படி விழுகிறான் என்று பாருங்கள். மூட்டையைத் தூக்கிப் போட்டதுபோல் தொப்பென்று விழுந்தால் தூக்கக்கூடிய எடையில் பாதிக்கு மேல் சுமக்கிறான் என்று அர்த்தம். 50 சதவீதத்துக்குள் கொண்டுவந்தால் உருளல் நன்றாகவே மாறும், 25க்குள் வந்தால் பூனை மாதிரி உருள்வான். உருளும்போது சில ஃபிரேம்களுக்கு (நொடியின் சிறு துண்டுகளுக்கு) அடியே படாது, ஆனால் மூட்டை உருளலில் எழுந்திருக்கவே யுகமாகிறது. இந்த 25, 50 கணக்கை ஆட்டம் எங்கேயும் சொல்லித்தராது. எனக்கும் இது முதல் சுற்றில் பாதி தாண்டின பிறகுதான் தெரிந்தது, தெரிந்த அன்றைக்கு வேறு ஆட்டமே ஆடுவதுபோல் இருந்தது. கேட்டீர்களே குறை எது என்று, எனக்கு இதுதான் முதல் குறை. கஷ்டமாக வைத்ததைக் குறை சொல்லமாட்டேன், விதியைச் சொல்லாமல் வைத்ததைச் சொல்வேன்.

ரெசிஸ்டன்ஸும் இதே கதைதான். போட்டது போட்டதுதான், முதல் பாகத்தில் புள்ளிகளைத் திரும்ப எடுத்து மாற்றிப் போட வழியில்லை. ஏறக்குறைய எதற்கும் பயன்படாத ஒரு ஸ்டாட்டை மற்றவற்றோடு அதே வரிசையில் வைத்துவிட்டு எச்சரிக்கைகூடச் செய்யாதது சரியில்லை. ஐந்து லெவலால் ஒன்றும் மூழ்கிவிடாது, இனிமேல் வைட்டாலிட்டி (உயிர்), எண்ட்யூரன்ஸ் (ஸ்டாமினா, சுமக்கும் எடை) இரண்டிலும் போடுங்கள். டிரேக் வாள் இப்போதைக்கு நல்ல ஆயுதம், ஆனால் உங்கள் பலத்தோடு சேர்ந்து வளராது, சென்ஸ் கோட்டைக்குப் போகிற நேரத்தில் பின்தங்கிவிடும். அதற்குள் ஆண்ட்ரே கொல்லரிடம் ஒரு சாதாரண வாளைத் தட்டித் தேற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நடுநிசி:

பழைய கேடயம் சண்டையைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். என் கணக்கில் இந்த ஆட்டத்தின் முதல் பலம் கஷ்டம் இல்லை, லார்ட்ரான் என்கிற அந்த நிலம்தான்.

தேவாலயத்துக்குள் ஒரு லிஃப்ட் இருந்திருக்குமே, அதில் இறங்கினீர்களா? இறங்கும்போது என்ன நினைத்தீர்கள்? நான் இன்னொரு புது நரகத்துக்குப் போகிறேன் என்று நினைத்து கேடயத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன். லிஃப்ட் போகிறது, போகிறது, கீழே போய் நின்று கதவுக்கு வெளியே வந்தால் பாசி படிந்த கல், பழகிய அந்த இசை. ஆரம்பத்தில் வந்திறங்கும் ஃபயர்லிங்க் ஷ்ரைன். ஐந்தாறு மணி நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றியதெல்லாம் ஒரே மலையின் மேலும் கீழுமாகத்தான் இருந்திருக்கிறது. அப்படியே நிமிர்ந்து பார்த்தேன், நான் செத்துச் செத்து ஏறிய சுவர்கள் தலைக்கு மேலே தெரிந்தன. வேறு எந்த ஆட்டத்திலும் ஒரு லிஃப்ட் எனக்கு இப்படி ஒரு நிம்மதியைத் தந்ததில்லை.

இது தற்செயல் இல்லை. ஆட்டத்தின் முதல் பாதியில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் வசதியே கிடையாது, லார்ட்வெஸல் என்ற பாத்திரம் கைக்கு வந்த பிறகுதான் அது, அதுவும் சில பான்ஃபயர்களுக்கு மட்டும். அதனால் வழிகள் காலுக்குப் பழகிவிடும். எந்த ஏணியை உதைத்துத் தள்ளினால் எங்கே குறுக்குவழி திறக்கும் என்பது மனப்பாடம் ஆகிவிடும். பிளைட்டவுனின் அடிமட்டச் சேற்றில் எஸ்டஸ் தீர்ந்து நிற்கும்போது "இப்போது திரும்பிப் போக வேண்டுமென்றால் இந்த மரப்பலகை எல்லாவற்றையும் மறுபடி ஏறவேண்டும்" என்று ஒரு பயம் வரும் பாருங்கள், அந்தப் பயத்தை வரைபடம் வைத்து, தாவல் பட்டன் வைத்துக் கொடுக்கவே முடியாது. அதேபோல் டூம் ஆஃப் தி ஜயன்ட்ஸ் (ராட்சதர் கல்லறை) என்ற கும்மிருட்டில் ஒரு விளிம்பில் நின்று பார்த்தால் வெகு தூரத்தில் சிவப்பாக எரிமலைக் குழம்பு தெரியும். அது அலங்காரப் படம் இல்லை, நீங்கள் போகப்போகிற அல்லது போய்வந்த இடம்.

கதை சொல்லும் விதமும் அப்படித்தான். யாரும் உட்கார வைத்துச் சொல்லமாட்டார்கள். ஒரு மோதிரத்தின் விளக்கத்தில் இரண்டு வரி, ஒரு பிணம் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். இயக்குநர் ஹிடேடாக்கா மியாசாகி, சிறுவயதில் தன் வயதுக்கு மீறிய புத்தகங்களை எடுத்துப் படித்து, புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொள்வேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆடும்போது அது நன்றாகத் தெரியும், நமக்கும் அதே பாதிப் புத்தகத்தைத்தான் கையில் கொடுத்திருக்கிறார்.

தரையில் மற்றவர்கள் எழுதிவிட்டுப் போகும் செய்திகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் மேட்டில் ஏற முடியாமல் சறுக்கி நின்ற கார்களைப் பின்னால் வந்த முகம் தெரியாதவர்கள் தள்ளிவிட்டுப் போன அனுபவத்திலிருந்துதான் 2009இல் வந்த முன்னோடி ஆட்டமான டீமன்ஸ் சோல்ஸின் ஆன்லைன் யோசனை பிறந்தது என்று அவர் சொன்னதுண்டு. டார்க் சோல்ஸ் 2011இல் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. நீங்கள் தனியாகத்தான் ஆடுகிறீர்கள், ஆனால் அடுத்த திருப்பத்தில் யாரோ செத்த ரத்தக்கறை இருக்கிறது, தொட்டால் அவர் கடைசி நொடிகள் தெரிகின்றன. கேப்ரா அறை வாசலில் எத்தனை கறை என்று எண்ணிப் பாருங்கள், உங்கள் கோபம் பாதி குறையும்.

கதை முடிவைத் தொடாமல் ஒன்று மட்டும். சிஃப் என்று ஓர் ஓநாயோடு சண்டை வரும், கல்லறையைக் காத்து நிற்கும் பெரிய ஓநாய், வாயில் வாள். உயிர் குறையக் குறைய அது நொண்ட ஆரம்பிக்கும். வாளை வீசி, அந்த வேகத்தைத் தாங்க முடியாமல் தானே தடுமாறி விழும். அடித்தால் ஒரே அடியில் முடிந்துவிடும், ஆனால் எனக்குக் கை வரவில்லை, கேடயத்தைத் தூக்கியபடியே கொஞ்ச நேரம் சுற்றிச்சுற்றி வந்தேன். வசனம் ஒன்றுகூட இல்லை. தொடருங்கள், இதையெல்லாம் பார்க்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

செங்கதிர்:

நடுநிசி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, ஆனால் அது நடுவில் வரும் ஆனோர் லோண்டோ நகரம் வரைக்கும்தான் உண்மை. போகப்போக நன்றாகுமா மோசமாகுமா என்று கேட்டிருக்கிறார், அதற்கு நேரான பதில் வேண்டும்.

முதலில் நன்றாகும். சென்ஸ் கோட்டை, அதன் பிறகு ஆனோர் லோண்டோ, அங்கே ஆர்ன்ஸ்டீனும் ஸ்மௌவும். ஒருவன் ஈட்டியோடு மின்னலாகப் பாய்வான், இன்னொருவன் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு மலைபோல வருவான், ஒருவனைக் கொன்றால் மற்றவன் அவன் சக்தியையும் எடுத்துக்கொண்டு முழு உயிரோடு எழுந்து நிற்பான். இரண்டு பேர், ஒரு கேமரா, கேப்ரா அறையில் இருந்த அதே பிரச்சினைதான், ஆனால் இங்கே பெரிய மண்டபமும் மறைந்துகொள்ளத் தூண்களும் கொடுத்திருக்கிறார்கள். அதனால் செத்தால் நம் தப்பு என்று தெரியும். மழைக்குருவி கேட்ட "நியாயம்" என்ற சொல்லுக்கு என்னிடம் இருக்கிற விளக்கம் இதுதான், ஒரே சோதனையை ஒரு தடவை தப்பாகவும் ஒரு தடவை சரியாகவும் அதே ஆட்டம் செய்து காட்டுகிறது.

அதைத் தாண்டியதும் நாலு பக்கம் வழி திறக்கும், அங்கேதான் சரிவு. நியூ லோண்டோ நல்ல இடம், குறை சொல்லமாட்டேன். ட்யூக் நூலகத்தில் நீங்கள் என்ன செய்தாலும் கட்டாயமாகச் சாகவேண்டிய ஒரு சந்திப்பு வைத்திருக்கிறார்கள், அத்தனை மணி நேரம் "கவனமாக இருந்தால் பிழைக்கலாம்" என்று பழக்கிவிட்டு இப்படிச் செய்யலாமா? டீமன் ரூயின்ஸில் பழைய பாஸ்களே சாதாரண எதிரிகளாகத் திரும்பி வருவார்கள், முதல் சிறையில் பார்த்த பூதத்தின் உருவமே இன்னும் இரண்டு தடவை புதுப் பெயரில் வரும். லாஸ்ட் இசலித்தில் கண் கூசும் எரிமலைக் குழம்பு, அதன் மேல் டிராகனின் இடுப்புக்குக் கீழே உள்ள பாதி மட்டும் கூட்டம் கூட்டமாக நிற்கும். ஒன்றை வைத்து அப்படியே நகலெடுத்துப் பரப்பியதுபோல இருக்கும். முதல் பாதியில் ஒரு எலும்புக்கூட்டை எந்த மூலையில் நிறுத்தலாம் என்று யோசித்த அதே கைகளா இதைச் செய்தன என்று நம்ப முடியவில்லை.

அப்புறம் பெட் ஆஃப் கேயாஸ் என்ற பாஸ். இதுவரை கற்ற எதுவும் இங்கே உதவாது. உங்கள் வாள், கவசம், லெவல் எதற்கும் மதிப்பில்லை, தரை உடையும், குழியில் விழுவீர்கள், திரும்பி ஓடி வருவீர்கள், ஒரு பெரிய கை வந்து ஒரே தள்ளு, மறுபடி குழி. பாதி உடைத்தது உடைத்தபடி இருக்கும், செத்தாலும் அது அழியாது. வேறு எந்த பாஸுக்கும் கிடையாத சலுகை இது. இது நியாயமில்லை என்று அவர்களுக்கே தெரிந்துதான் வைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

அதே சமயம், ஆர்டோரியாஸ் ஆஃப் தி அபிஸ் என்ற கூடுதல் பகுதி 2012இல் வந்தது, ரீமாஸ்டர்டில் அது சேர்ந்தே இருக்கிறது. நேரம் கொடுத்தால் இவர்களால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அதுதான் ஆதாரம். ஆர்டோரியாஸோடு சண்டை போடும்போது ஒடிந்து தொங்கும் அவன் இடது கையைக் கவனியுங்கள், ஒரு கையால்தான் உங்களைப் புரட்டி எடுக்கிறான். ஆனால் அங்கே போகும் வழி? ஏரிக்கரையில் பல தலைப் பாம்பான ஹைட்ராவைக் கொன்று, பொன்னிற ஸ்படிக கோலெமை (பளிங்கு உருவ எதிரியை) உடைத்து அதற்குள் இருக்கும் பெண்ணை விடுவித்து, பின்னர் ட்யூக் நூலகத்தில் ஒரு கோலெமைக் கொன்று உடைந்த பதக்கத்தை எடுத்து, மறுபடி அந்த ஏரிக்கரைக்கே திரும்பி வரவேண்டும். இதை யாரும் சொல்லாமல் ஒருவர் கண்டுபிடித்திருந்தால் அவரை நான் பார்க்கவேண்டும். முடிந்தால் சிஃப்பிடம் போவதற்கு முன்னால் இந்தப் பகுதியை ஆடி, அங்கே சிக்கியிருக்கும் ஓநாய்க்குட்டியைக் காப்பாற்றிவிடுங்கள். அப்படிச் செய்தால் சிஃப் சண்டைக்கு முன் வரும் காட்சி வேறு. நடுநிசிக்குக் கை வரவில்லை என்றாரே, இதைப் பார்த்தால் இன்னும் வராது.

கல்தூண்:

கஷ்டத்தைப் பற்றி எல்லோரும் வேகமான விரல் உள்ளவர்கள் பார்வையிலேயே பேசுகிறீர்கள். எனக்கு வலது மணிக்கட்டில் பழைய வலி, ஒரு மணி நேரத்துக்கு மேல் கன்ட்ரோலர் பிடிக்க முடியாது. இருந்தும் இந்த ஆட்டத்தை இரண்டு தடவை முடித்திருக்கிறேன், ஆகவே அந்தக் கோணத்திலிருந்து கொஞ்சம்.

இதில் எளிய நிலை என்று மெனுவில் ஒன்றும் இல்லை, ஆனால் ஆட்டத்துக்குள்ளே நிறைய ஒளித்து வைத்திருக்கிறார்கள். மந்திரவாதியாக ஆடினால் தூரத்திலிருந்தே பாதி எதிரிகளை முடிக்கலாம். (செத்தால் போய்விடும்) மனித உருவில் இருந்தால் பாஸ் வாசலில் துணைக்கு ஆள் அழைக்கலாம், கார்கொய்ல்களுக்கு முன்னால் சோலேர் என்ற துணைவீரனின் குறி தரையில் மின்னும். பான்ஃபயரில் ஹியூமானிட்டி என்ற பொருள் ஒன்றைச் செலவழித்து மூட்டினால் அங்கே எஸ்டஸ் 5லிருந்து 10 ஆகும். இது எதுவும் ஏமாற்று வேலை இல்லை, ஆடுகிறவர் தன் கைக்கேற்ற அளவை வைத்துக்கொள்ளத்தான். மனித உருவில் இருந்தால் வேறு ஆட்டக்காரர்கள் படையெடுத்து வரலாம், அது ஒன்றுதான் விலை. ஆஃப்லைனில் ஆடினால் அதுவும் இல்லை, கம்ப்யூட்டர் ஆள்கள் மட்டும் சில இடங்களில் வருவார்கள்.

எனக்கு வேதனையான குறை இரண்டு. ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. மெனுவைத் திறந்தாலும் பின்னால் எதிரி வந்து வெட்டிக்கொண்டுதான் இருப்பான். நான் செய்வது, மெனுவில் வெளியேறும் பட்டனை அழுத்திவிடுவேன், திரும்பி வந்தால் நின்ற இடத்திலேயே நிற்போம் (பாஸ் சண்டை என்றால் மட்டும் வாசலுக்கு வெளியே). கை வலி வந்தால் இதுதான் என் நிறுத்தம்.

இரண்டாவது, பாஸ் வரைக்கும் திரும்பத் திரும்ப ஓடுவது. பாஸிடம் 20 தடவை சாவது எனக்குச் சம்மதம். ஆனால் ஏற்கெனவே 20 தடவை தாண்டிய அதே படிக்கட்டையும் அதே கத்திக்காரர்களையும் மறுபடி தாண்டும்போது புதிதாக ஒன்றும் கற்பதில்லை, மணிக்கட்டு மட்டும் தேய்கிறது. "அந்த ஓட்டம்தான் பதற்றத்தைக் கொடுக்கிறது" என்பார்கள். 2022இல் வந்த எல்டன் ரிங்கில் பெரிய பாஸ்கள் பலருக்கு வாசல் பக்கத்திலேயே மறுபிறப்புத் தூண் வைத்திருக்கிறார்கள். அதே குழு, அதே இயக்குநர். ஓட்டத்தை எடுத்துவிட்டும் பதற்றம் குறையவில்லையே.

பழைய கேடயம்:

கல்தூண் சொன்னதை நான் யோசித்ததே இல்லை, வெளியேறி வரும் வழி எனக்கும் பயன்படும். ஓட்டத்தில் மட்டும் பாதி உடன்படுகிறேன். செத்த இடத்தில் விழுந்த சோல்ஸை (லெவல் ஏற்றச் செலவழிக்கும் ஆன்மாக்களை) எடுக்க ஓடும்போது நடுவில் இன்னொரு தடவை செத்தால் எல்லாமே போய்விடும் என்ற பயம் இருக்கிறதே, அது இல்லையென்றால் இந்த ஆட்டத்தின் சுவை குறைந்துவிடும். ஆனால் அந்தப் பயம் ஒரு புது இடத்தில் நடக்கும்போது வந்தால் போதும், பாஸ் வாசலுக்குப் பத்தாவது தடவை ஓடும்போது தேவையில்லை, சரிதான்.

பழைய கம்ப்யூட்டர் பதிப்பை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள் என்றும் இங்கே சொல்லிவைக்கிறேன். 2012இல் வந்த அது நொடிக்கு 30 ஃபிரேமிலும் குறைந்த ரெசல்யூஷனிலும் பூட்டப்பட்டு வந்தது, ரசிகர் ஒருவர் எழுதிய திருத்தத்தைப் போட்டால்தான் கண்ணால் பார்க்க முடிந்தது. 2022 ஜனவரியில் பாதுகாப்பு ஓட்டை ஒன்றால் கம்ப்யூட்டர் சர்வர்களை மூடினார்கள், ரீமாஸ்டர்டுக்கு அதே ஆண்டு கடைசியில் திரும்பக் கொடுத்தார்கள், பழையதற்கு இல்லை. நடுநிசி சொன்ன ரத்தக்கறையும் செய்திகளும் வேண்டுமென்றால் ரீமாஸ்டர்டுதான். பிளைட்டவுனில் பழைய கன்சோல்களில் படம் நின்று நின்று நகரும் தொல்லையும் இதில் இல்லை.

மழைக்குருவி:

எல்லோருக்கும் நன்றி. எடையைப் பார்த்தேன், 61 சதவீதம். 14 மணி நேரமாக மூட்டை உருளலிலேயே ஆடியிருக்கிறேன். மார்புக் கவசத்தையும் தலைக்கவசத்தையும் கழற்றி 48க்குக் கொண்டுவந்தேன், பான்ஃபயர் பக்கத்தில் சும்மா உருண்டு பார்த்தபோதே வித்தியாசம் தெரிந்தது, நம்பவே முடியவில்லை.

கேப்ரா மூன்றாவது முயற்சியில் போனது. முதல் தடவை படிக்கட்டை நெருங்குவதற்குள் நாய் காலைப் பிடித்தது. இரண்டாவது தடவை மேலே ஏறி நாய் இரண்டையும் முடித்துவிட்டேன், ஆனால் குதித்தபோது எஸ்டஸ் குடிக்கப் போய் சுவரோரம் மாட்டிக்கொண்டேன். மூன்றாவது தடவை அது மேலே வருகிறது, நான் கீழே குதிக்கிறேன், அது கீழே வருகிறது, நான் சுற்றிப் போய் மறுபடி மேலே, இப்படி நாலு சுற்று. கடைசியில் அதன் தலைமேல் விழுந்த அடியோடு முடிந்தது. நாய்கள் இல்லாதபோது அதன் வெட்டு ஒவ்வொன்றும் எவ்வளவு மெதுவாக வருகிறது என்று அப்போதுதான் பார்த்தேன். சந்தோஷம்தான், ஆனால் கார்கொய்ல் அன்றைக்கு வந்த சந்தோஷம் இல்லை. ஆர்ன்ஸ்டீன் ஸ்மௌ வரைக்கும் நிச்சயம் போகிறேன். இசலித்தை அப்போது பார்த்துக்கொள்ளலாம். லிஃப்டைப் பற்றி நடுநிசி எழுதியதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே இறங்கியிருந்தாலும் இன்னொரு தடவை மேலே ஏறி இறங்கிப் பார்த்தேன். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தபோது சுவர்கள் தெரிந்தன.

அடுத்தது டெப்த்ஸ் என்ற நிலத்தடிச் சாக்கடை. போகிறதுக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?

செங்கதிர்:

வாழ்த்துகள். டெப்த்ஸில் தரையில் ஓட்டைகள் இருக்கும், பார்த்து நடங்கள். விழுந்தால் பெரிய கண் வைத்த தவளை மாதிரிப் பிராணிகள் கூட்டமாக இருக்கும் இடத்துக்குப் போவீர்கள். அந்தப் பெரிய கண்கள் பொய், அவை ஊதும் சாம்பல் புகைதான் ஆபத்து, அதற்குள் நின்றால் கல்லாகிச் செத்துவிடுவீர்கள், எழுந்த பிறகும் உயிர் பாதியாகவே இருக்கும், செத்தாலும் அந்தச் சாபம் போகாது. கார்கொய்ல்களைக் கொன்ற மணிக்கூண்டில் ஆஸ்வால்ட் என்று ஒருவன் நிற்பான், அவனிடம் அந்தச் சாபத்தை நீக்கும் பர்ஜிங் ஸ்டோன் ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இறங்குங்கள். புகை தெரிந்தால் சண்டையை விட்டுவிட்டுப் பின்னால் ஓடிவிடுங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

டெப்த்ஸில் ஒரு பெட்டிக்குள் லார்ஜ் எம்பர் என்ற கொல்லுலைத் தணல் இருக்கிறது, தேடி எடுங்கள், ஆண்ட்ரேயிடம் கொடுத்தால் வாளின் பலத்தை +5 நிலைக்கு மேல் கொண்டுபோகலாம். பிளைட்டவுனுக்கு இறங்குவதற்கு முன்னால் ஃபயர்லிங்க் பக்கத்துக் கால்வாயில் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கிழவியிடம் விஷத்தை முறிக்கும் ஊதாப் பாசி வாங்குங்கள், பூத்தது, பூக்காதது இரண்டும். அங்கே குழலால் விஷ அம்பு ஊதுகிறவர்களைக் கொன்றுவிட்டால் மறுபடி எழுந்திருக்கமாட்டார்கள், ஆகவே அவர்களைத் தாண்டி ஓடாமல் ஒவ்வொருவராகத் தேடி முடியுங்கள்.